கனபாடிகள் வீட்டுக் கிரேக்கம்

வேதாந்த கனபாடிகளின் பெண் வேதம் சொல்கிறாள் என்ற செய்தி, சித்திரக்குளத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் கிளம்பி வடக்கு மாட வீதி போய்ச் சேர ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தவள் அடுத்த போர்ஷன் வேம்பு மாமி. தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டுச் சமாசாரத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதுதான் மாமிக்குக் காலைக் காப்பி. குடம் காலியாகத் திரும்பினாலும் மாமி ஒருநாளும் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

செய்தி சுத்தப் பொய். ஸ்ரீரஞ்சனி வேதத்தில் ஓர் எழுத்துகூடச் சொல்லவில்லை. அவள் சொன்னது கிரேக்கம்.

மயிலாப்பூரில் கனபாடிகள் வீட்டுப் பெண்ணுக்குக் கிரேக்கத்தில் என்ன வேலை என்றால், எல்லாம் ஜி.ஆர்.ஈ. பண்ணிய வேலை. தொண்ணூற்று நாலில் அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போக நினைத்தவர்கள் எல்லோரும் அந்தப் பரீட்சையின் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. ரஞ்சனி பயோகெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். கணக்கு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கில வார்த்தைகள்தான் கழுத்தறுத்தன. வாழ்நாளில் ஒருவரும் வாயால் சொல்லிக் கேட்டிராத வார்த்தைகளாகப் பொறுக்கி எடுத்து, இதற்கு எதிர்ப்பதம் என்ன என்று கேட்பார்கள்.

அப்பா ஒரே ஒரு தடவை எழுத அனுமதி கொடுத்திருந்தார். நல்ல மார்க் வந்தால் போகலாம். வராவிட்டால் நங்கநல்லூரில் ஜாதகம் பொருந்திக் காத்துக்கொண்டிருந்த வரனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். பையன் தங்கமானவன் என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கட்டுமே. தங்கம் பெட்டியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்பது ரஞ்சனியின் கட்சி. அவளுக்கு வேண்டியது ஒரு ஆராய்ச்சிக்கூடமும், அதன் கதவைத் தானே பூட்டித் திறக்கும் சாவியும்.

பாண்டி பஜாரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே வகுப்பு நடந்தது. எடுத்தவள் ஷகீலா. கீழே எவர்சில்வர் அடுக்குகள் சரிகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே குரல் கம்மிப்போனவள். வார்த்தையை ஒவ்வொன்றாக உருப்போடாதீர்கள், வேரைப் பிடியுங்கள் என்பது அவள் உபதேசம். மிஸோஸ் என்றால் வெறுப்பு, ஆந்த்ரோபோஸ் என்றால் மனிதன். இரண்டும் சேர்ந்தால் மிஸாந்த்ரோப், மனித வாடையே ஆகாத ஆள். வெறுப்பை எடுத்துவிட்டு ஃபிலோஸ், அதாவது அன்பைப் போட்டால் ஃபிலாந்த்ரோபி, தர்மசிந்தை. ஆர்த்தோஸ் நேரானது, டாக்ஸா அபிப்பிராயம், சேர்ந்தால் ஆர்தடாக்ஸ். ஹெட்டரோஸ் வேறானது, அது வந்தால் ஹெட்டரடாக்ஸ். லோகோஸ் என்றால் சொல். ஆட்டோஸ் என்றால் தான், நோமோஸ் என்றால் சட்டம். தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொள்வது ஆட்டானமி. அந்த வார்த்தை ரஞ்சனிக்குக் கேட்டவுடனே பிடித்துப்போயிற்று.

பிடித்தது வேறு, நினைவில் நின்றது வேறு. மற்றவர்கள் அட்டையில் எழுதி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு பஸ்ஸிலும் ஹோட்டலிலும் புரட்டினார்கள். அவளும் புரட்டினாள். மாதிரிப் பரீட்சையில் உட்கார்ந்தால் மிஸோஸும் நோமோஸும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றன. ஷகீலா மார்க்கைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்து, அடுத்தவளைக் கூப்பிட்டாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

அன்று சாயங்காலம் பனகல் பார்க்கில் பஸ்ஸுக்கு நின்றபோது அது தானாக நடந்தது. மனசில் நாலு வேர்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாய் அவற்றை எடுத்து, அவளைக் கேட்காமலே, கனத்தில் போட்டுவிட்டது.

கனம் என்பது வேதம் ஓதும் முறைகளில் கடைசிப் படி. ஒரு எழுத்தும் சிந்தாமல் இருக்க, சொற்களை முன்னும் பின்னுமாகப் பின்னிச் சொல்வார்கள். ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று. பிறகு ஒரு சொல் தள்ளி, இரண்டிலிருந்து மறுபடி இதே பின்னல். இப்படி முழு வேதத்தையும் சொல்லத் தெரிந்தவரைத்தான் கனபாடிகள் என்பது. அந்தப் பின்னலில் போன சொல் தலைகீழாக நின்றாலும் நழுவாது.

ஆட்டோஸ் நோமோஸ், நோமோஸ் ஆட்டோஸ், ஆட்டோஸ் நோமோஸ் லோகோஸ், லோகோஸ் நோமோஸ் ஆட்டோஸ், ஆட்டோஸ் நோமோஸ் லோகோஸ். பக்கத்தில் நின்ற பூக்காரி ஒரு மாதிரி பார்த்தாள். ரஞ்சனி மயிலாப்பூர் வந்து இறங்குவதற்குள் அன்றைய பாடம் முழுக்க உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. மறுநாளும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தது அண்ணன் ஷ்ரவணுக்கு. கூடத்தில் அப்பா, எதிரே அவனும் இன்னும் சில பையன்களும். குரல் உள்ளே போனால் அப்பாவுக்குக் கெட்ட கோபம் வரும். "என்ன முணுமுணுக்கறே? தெருவுக்குக் கேக்கணும்" என்று அவன் தொடையில் தட்டுவார். ரஞ்சனி உள்ளே தேங்காய் துருவிக்கொண்டோ வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டோ இருப்பாள். ஷ்ரவண் தூங்கி வழிவான், தடுமாறுவான். அடுத்த சொல் இவள் நுனிநாக்கில் வந்து நிற்கும். ஒன்பது வயதில் ஒருநாள், அவன் திணறுவதைப் பொறுக்கமுடியாமல் அந்தச் சொல்லைச் சொல்லியே விட்டாள். அப்பா அவள் பக்கமே திரும்பாமல், அம்மாவைக் கூப்பிட்டு, "அபயாம்பா, அவளைக் கோலம் போடச் சொல்லு" என்றார். சொல் சரிதானா தப்பா என்றுகூடச் சொல்லவில்லை. அந்தக் கோபம் ரஞ்சனிக்கு இன்னும் ஆறவில்லை, ஆற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. ஷ்ரவண் வேதத்தையும் விட்டுவிட்டு இப்போது அசோக் நகரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆக, விடியற்காலையில் கொல்லை முற்றத்தில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து ரஞ்சனி கிரேக்கம் சொல்ல ஆரம்பித்தாள். சும்மா சொன்னால் நிற்கவில்லை. ஏற்ற இறக்கத்தோடு, வயிற்றிலிருந்து குரலெடுத்துச் சொன்னால்தான் நின்றது. ஓஸ், ஓஸ் என்று முடிகிற சொற்கள் அந்த ஸ்வரத்தில் ஏறிச் சுவருக்கு அந்தப்பக்கம் போனால் வேம்பு மாமி என்ன, யாராக இருந்தாலும் வேதம் என்றுதான் நினைப்பார்கள். பெண் வேதம் சொல்லப்படாது என்பது அந்தத் தெருவில் மூச்சுவிடுகிற மாதிரி ஒரு விஷயம். அதிலும் கனபாடிகளே தன் பெண்ணுக்குச் சொல்லிவைக்கிறார் என்றால் கேட்கவேண்டுமா.

அப்பா கூப்பிட்டுப் பேசினார். நேரே பேசவில்லை. அம்மா கொலுப் பொம்மைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள், அந்தப் பொம்மைகளைப் பார்த்துப் பேசினார். பரீட்சைக்குப் படிப்பதை வேண்டாமென்று சொல்லவில்லையாம். மனசுக்குள் சொல்லிக்கொள்ளட்டுமாம். ஊர் வாயை மூட முடியாதாம்.

"மனசுக்குள்ள சொன்னா நிக்காதுன்னு நீங்கதானேப்பா ஷ்ரவண் தொடையில அடிச்சேள்?" என்றாள் ரஞ்சனி.

அப்பா ஒரு பொம்மையை எடுத்து, அது ஏற்கெனவே துடைத்ததா என்று பார்த்துவிட்டு வைத்தார். அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். காலையில் அவள் குரல் எழும்பியதும் பூஜை அறைக் கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். ரஞ்சனியும் விடவில்லை. கதவு சாத்திய சத்தத்துக்குப் பதில் சொல்வது போல இன்னும் ஒரு பிடி உரக்கச் சொன்னாள். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் காப்பி டம்ளர்களோடு நடந்தாள். பேசினால் யாருக்காவது பரிந்து பேசவேண்டியிருக்கும் என்று வாயே திறக்கவில்லை. போகப்போகக் கதவுச் சத்தம் கேட்பது நின்றது. அப்பாவுக்கு அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

நவராத்திரிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மண்டலிக்காரர்கள் வந்தார்கள். தெருக்கோடி மண்டபத்தில் வருஷா வருஷம் நவராத்திரிக்குப் பாராயணம் நடத்துகிறவர்கள். அதில் தலைமை ஆசனம் அப்பாவுடையது. அவர் வாயைத் திறந்து முதல் சொல்லைச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அப்பாவுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை எதுவும் இருந்ததாக ரஞ்சனிக்குத் தெரியாது. அந்த ஆசனத்துக்கு அவர் தகுதியில் சந்தேகமே கிடையாது. ஒரு கல்யாணத்தில் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, ரசம் வழிகிற கையோடு மண்டபத்தின் மறுகோடிக்குப் போய், தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரைத் திருத்திவிட்டு வந்து உட்கார்ந்தவர் அவர். பிழையைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் அந்தப் பாவம் கேட்டவன் தலையில் என்பது அவர் கட்சி.

மண்டலியின் செயலாளர் சிதம்பரநாதன், ஓய்வுபெற்ற அதிகாரி. வேதத்தில் ஒரு வரி தெரியாது, ஆனால் வேதத்தைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டவர். கூட வந்த இரண்டு பெரியவர்கள் தலையாட்ட வந்தவர்கள். அம்மா பாயை விரித்தாள், காப்பி கொடுத்தாள். அவர்கள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் குற்றத்தைச் சொன்னார்கள். பெண், சுவாமி படத்துக்கு முன்னால் நின்று இனிமேல் வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லவேண்டும். கனபாடிகள் ஒரு பிராயச்சித்தம் செய்துவிடவேண்டும். காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்துவிடும்.

பரீட்சைக்கு இன்னும் அதிக நாள் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் இந்த மாதம் முழுக்க உள்ளே போனது உள்ளேயே கரைந்துவிடும். ரஞ்சனிக்கு நங்கநல்லூர் கண்முன்னே வந்து நின்றது.

"நான் வேதம் சொல்லலை மாமா. கிரேக்கம் சொன்னேன். பரீட்சைக்கு" என்றாள்.

சிதம்பரநாதனுக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இறங்கியதும் முகம் தெளியும் என்று அவள் எதிர்பார்த்தாள். அது இன்னும் சிவந்தது. கிரேக்கத்தைப் போய்க் கனத்திலா என்று கேட்டார். ரிஷிகள் வேதத்துக்கென்று வகுத்த முறையில் மிலேச்ச பாஷையையா? இதற்கு அவள் வேதத்தையே சொல்லியிருக்கலாமே என்றார். தலையாட்ட வந்தவர்கள் இரண்டு பேரும் இப்போது தலையை வேறு பக்கம் ஆட்டவேண்டியிருந்ததால் கொஞ்சம் தடுமாறினார்கள்.

ரஞ்சனிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வேதமென்றால் பெண் சொல்லப்படாது. வேறெதுவுமென்றால் கனத்தில் சொல்லப்படாது. பின்னே தான் வாயைத் திறந்து எதைத்தான் சொல்லலாம் என்று கேட்டாள். சிதம்பரநாதன் அப்பாவைப் பார்த்து, இங்கிலீஷில் இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது என்று ஆரம்பித்தார். ஆபீஸில் இருந்த காலத்திலிருந்தே இங்கிலீஷ் வார்த்தை என்றால் அவருக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

"ஹெரஸி. மதவிரோதம். அதுதான் இது" என்றார்.

"அதுவும் கிரேக்கந்தான் மாமா. ஹைரேஸிஸ்ங்கறதுலேர்ந்து வந்தது. தேர்ந்தெடுக்கறதுன்னு அர்த்தம்" என்றாள் ரஞ்சனி. குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டாள். "நான் தேர்ந்தெடுத்துட்டேன்."

சிதம்பரநாதன் காலி டம்ளரை எடுத்து நகர்த்தி வைத்தார். பெண்ணை அடக்கத் தெரியாதவர் மண்டபத்தில் தலைமை ஆசனத்தில் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும் என்றார். இரண்டில் ஒன்று இப்போதே தெரிந்தாகவேண்டும் என்றார்.

அப்பா ஊஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊஞ்சல் ஆடவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று ரஞ்சனி பார்த்தாள். ஆமாம் என்றாவது சொல்லட்டும், இல்லையென்றாவது சொல்லட்டும். அவளுடைய ஒன்பது வயதில் அவர் கூடத்தில் எப்படித் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாரோ அப்படியே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வயிற்றிலிருந்து புறப்பட்டுத் தொண்டைக்கு வந்தது. இவர்கள் நாலு பேரும் கேட்கட்டும். கேட்டுவிட்டு எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

நின்ற இடத்திலேயே ஆரம்பித்தாள்.

"ஹெட்டரோஸ் டாக்ஸா, டாக்ஸா ஹெட்டரோஸ், ஹெட்டரோஸ் டாக்ஸா ஆட்டோஸ், ஆட்டோஸ் டாக்ஸா ஹெட்டரோஸ், ஹெட்டரோஸ் டாக்ஸா ஆட்டோஸ்..."

சிதம்பரநாதன் காதைப் பொத்திக்கொண்டார். ஒரு பெரியவர் எழுந்து துண்டைத் தேடினார். சமையலறை வாசலில் அம்மா கையில் ஒரு பொம்மையோடு நின்றாள். ரஞ்சனி நிறுத்தவில்லை. ஒரு சொல் தள்ளி அடுத்த பின்னலுக்குப் போனாள். ஆத்திரத்தில் வேகம் கூடியது.

"டாக்ஸா ஆட்டோஸ், ஆட்டோஸ் டாக்ஸா, டாக்ஸா ஆட்டோஸ் நோமோஸ், நோமோஸ் டாக்ஸா..."

"இரு."

அப்பாவின் குரல். சத்தமாகக்கூட இல்லை. கண்ணைத் திறக்கவில்லை, வலது கை மட்டும் தொடையிலிருந்து எழுந்து நின்றது.

"திரும்பி வரச்சே ஆட்டோஸை விட்டுட்டே. நோமோஸ் ஆட்டோஸ் டாக்ஸா."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முதலில் புரிந்தது ரஞ்சனிக்குத்தான். கதவுச் சத்தம் நின்றது அலுப்பினால் இல்லை. பூஜை அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த மனுஷர் விடியற்காலைதோறும் கிரேக்கம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். எந்தச் சொல்லுக்கு அப்புறம் எந்தச் சொல் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதே சமயத்தில், இதை ஒன்பது வயதில் சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் உண்மை. ஒன்று வந்ததால் மற்றது போய்விடவில்லை.

"என்ன ஓய் இது?" என்றார் சிதம்பரநாதன். முகத்தில் ஈயாடவில்லை.

"தப்பு காதுல விழுந்தது. திருத்தினேன்" என்றார் அப்பா. இப்போது கண்ணைத் திறந்து நேராகவே பார்த்தார். "முதல் சொல்லை இந்த வருஷம் வேற யாரையாவது எடுத்துக் குடுக்கச் சொல்லுங்கோ. நீங்க கிளம்பறதானா கிளம்பலாம். குழந்தை பாதியில நிக்கறா."

அவர்கள் கிளம்பினார்கள். சிதம்பரநாதன் வாசற்படியில் நின்று, இது இதோடு முடிகிற விஷயமில்லை என்று ஏதோ சொன்னார். அப்பாவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. வழக்கமாக, வந்தவர்கள் போனதும் அம்மா வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் உள்ளே திரும்புவாள். அன்று சாத்தவில்லை. இரண்டு கதவையும் சுவரோடு சுவராகத் தள்ளித் திறந்துவிட்டு வந்து பொம்மையைத் துடைத்தாள். வெளியே லாரி வந்து நின்றிருந்தது. குடங்கள் வரிசையில் இருந்தன, வேம்பு மாமியும் இருந்தாள்.

அப்பா ஊஞ்சலிலிருந்து இறங்கி வந்தார். பையன்கள் உட்காருகிற இடத்தைக் காட்டினார். ரஞ்சனி உட்காரவில்லை. நின்றபடியே சொல்கிறேன் என்றாள். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சரி என்று தானும் நின்றார்.

அவள் ஆரம்பித்தாள். ஹெட்டரோஸ் பாதி உள்ளேயே போய்விட்டது.

அப்பா தன் தொடையில் தட்டினார்.

"என்ன முணுமுணுக்கறே?" என்றார். "தெருவுக்குக் கேக்கணும்."